600 கிலோமீட்டரில் உங்கள் பங்கு எவ்வளவு?

பனிச்சறுக்குப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். நான் சறுக்கக் கற்றது நாற்பத்தொன்றாம் வயதில். எத்தனை முறை விழுந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதியே அதுதான்.

கேள்வி: நாங்கள் நால்வரும் பனியை மிதித்ததே இல்லை. பிரான்ஸின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குத்தடம் இருக்கிறது, ஆறு நாளுக்கும் முழுப் பகுதி லிஃப்ட் டிக்கெட்டே எடுத்துவிடுங்கள் என்கிறார் என் மைத்துனர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மைத்துனர் நன்றாகச் சறுக்குபவராக இருக்க வேண்டும். 600 அவருக்கான எண். முதல் மூன்று நாள் உங்கள் உலகம் ஒரு பள்ளி மைதானம் அளவுள்ள சரிவுதான். காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, நினைத்த இடத்தில் நிற்கப் பழகுவீர்கள். கூர்ஷெவல், மெரிபெல், வால் தொரான்ஸ் என்று அப்பகுதி ஊர்களுக்கு முகடு தாண்டிப் போகும் கம்பிவட லிஃப்ட்களில் அந்த நாட்களில் நீங்கள் ஏறப்போவதில்லை. பெரிய தளங்கள் பலவற்றில் புதியவர்களுக்கென்று மலிவான டிக்கெட் உண்டு. சில சிறிய லிஃப்ட்களுக்குக் கட்டணமே கிடையாது. அதில் தொடங்குங்கள். நான்காம் நாள் பயிற்சியாளர் தலையசைத்தால் பெரிய டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மிச்சமாகும் பணத்தைப் பயிற்சி வகுப்பில் போடுங்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் குழந்தைகளுக்கான வகுப்புகள் சீக்கிரமே நிரம்பிவிடும். விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தங்குமிடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூர்ஷெவல் என்பது ஒரே ஊர் அல்ல. மலையில் உயரத்துக்கு ஒன்றாகப் பல ஊர்கள். ‘சரிவுக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் சொன்னால், எந்தச் சரிவுக்கு என்று கேளுங்கள். மிகக் கடினமான கறுப்புத் தடத்தின் அடிவாரத்தில் அறை எடுத்து உங்களுக்கு என்ன லாபம்? வகுப்பு கூடும் இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதே கேள்வி. ஸ்கி பூட்ஸில் கணுக்கால் மடங்காது. தோளில் பலகை, கையில் குழந்தை, காலில் அந்த பூட்ஸ் என்றால் நானூறு மீட்டரே ஒரு யாத்திரை.

கேள்வி: வாடகைக் கடையில் எடையைக் கேட்டார்கள். எட்டுக் கிலோ குறைத்துச் சொல்லிவிட்டேன். தவறா?

பதில்: தவறுதான், அம்மா. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, நீங்கள் விழும்போது தானே கழன்று முழங்காலைக் காப்பாற்ற வேண்டும். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அதன் இறுக்கத்தை முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் காரணமின்றிப் பலகை கழன்றுபோகும். திறமையை மிகைப்படுத்தினாலோ விழுந்தாலும் கழலாது. இரண்டாவது பொய்யைப் பெரும்பாலும் ஆண்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று: காலுறை ஒரு ஜோடி போதும், அதுவும் மெல்லியதாக. நான் குளிருக்குப் பயந்து இரண்டு போட்டேன். ரத்த ஓட்டம் நின்று விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கேள்வி: கணவர் வரைபடம் முழுவதையும் ஒரே நாளில் சுற்றிவிட வேண்டும் என்கிறார். நான் எளிதான நீலத் தடத்தைத் தாண்டாதவள். எப்படித் திட்டமிடுவது?

பதில்: திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்றதைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒருமுறை நாங்கள் அடுத்த பள்ளத்தாக்கில் இருபது நிமிடம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டோம். முகட்டுக்குப் போகும் கடைசி லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்டில் பத்து நிமிடத் தூரம். சாலையில் மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம். டாக்சியில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலிருந்து இத்தாலியின் செர்வினியாவுக்குச் சறுக்கிப் போகலாம். ஆனால் பலத்த காற்றடித்தால் எல்லை லிஃப்ட்கள் மூடப்படும்; நீங்கள் வேறொரு நாட்டில் நிற்பீர்கள். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

நிறத்தையும் முழுதாக நம்பாதீர்கள். ஐரோப்பாவில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். ஓர் இடத்து நீலம் இன்னொரு இடத்தில் சிவப்பாக இருக்கக்கூடும். பிற்பகலில் பலர் சறுக்கி மேடுபட்ட பிறகு காலையின் நீலமும் நீலமாக இருக்காது. காலையில் அவர் தனியாகச் சுற்றட்டும். மதியம் உங்கள் தடத்துக்கு அவர் வரட்டும்.

கேள்வி: குளிரில் சன்ஸ்கிரீன் எதற்கு?

பதில்: உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் கீழிருந்தும் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துவாரங்களின் ஓரம் ஆகிய இடங்களிலும் தடவுங்கள். எனக்குத் தோலுரிந்தது அங்கேதான்.