ஜிபிஎல் சாஃப்ட்வேரைப் பெயர் மாற்றி விற்றதற்கு மெயில் வந்திருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சிறிய அளவில் சாஃப்ட்வேர் தொழில் செய்கிறேன். ஜிபிஎல் 3 உரிமத்தில் (யாரும் மாற்றலாம், பகிரலாம், ஆனால் அதே நிபந்தனைகளோடுதான் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமம்) இலவசமாகக் கிடைத்த ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் ஜிஎஸ்டி, பார்சல் கணக்கு, தமிழ் ரசீது எல்லாம் சேர்த்து, லாங் பஜார் மளிகைக் கடைகள், ஆம்பூர் பிரியாணிக் கடைகள், ஆற்காடு ஸ்வீட் ஸ்டால்கள் என 14 இடங்களில் தலா 12,000 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தேன். பழைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தேன். உரிமத்தின் பிரதியோ சோர்ஸ் கோடோ (புரோகிராமின் மூல நிரல்) கடைகளுக்குத் தரவில்லை. பார்சல் பகுதியை ஒரு கல்லூரி மாணவர் 8,000 ரூபாய்க்கு எழுதித் தந்தார். 11 நாளுக்கு முன், மூல சாஃப்ட்வேரை எழுதிய வெளிநாட்டுக்காரர் ‘உரிமத்தை மீறியிருக்கிறீர்கள்’ என்று மெயில் அனுப்பினார். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? சோர்ஸ் கோடை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா? போலீஸ் வருமா?

பதில்: 12,000 ரூபாய் வாங்கியதில் தப்பே இல்லை. ஜிபிஎல் சாஃப்ட்வேரை என்ன விலைக்கும் விற்கலாம். நீங்கள் மாட்டியிருப்பது வேறு இடத்தில்: எழுதியவர் பெயரை அழித்தீர்கள், உரிமத்தின் பிரதியைச் சேர்த்துக் கொடுக்கவில்லை, வாங்கிய கடைக்காரருக்குச் சோர்ஸ் கோடு கிடைக்க வழி வைக்கவில்லை.

‘வெறும் மெயில்தானே, வக்கீல் நோட்டீஸ் இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். ஜிபிஎல் 3-இன் 8-வது பிரிவுப்படி, மீறிய அன்றே உங்கள் உரிமம் போய்விடுகிறது. ஆனால் அந்தப் படைப்பாளரிடமிருந்து உங்களுக்கு வரும் முதல் அறிவிப்பு இதுவாக இருந்து, அது கைக்கு வந்த 30 நாளுக்குள் குறையைச் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பி வரும். அறிவிப்பு எந்த நியாயமான வழியில் வந்தாலும் போதும், மெயிலும் அதில் அடங்கும். உங்களுக்கு மீதி 19 நாள். அதுவரை 15-வது கடையில் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிய 14 பேரின் உரிமை இதனால் பறிபோகாது, அவர்கள் பில் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

இனி வேலை. முதலில், நீக்கிய காப்புரிமை (காப்பிரைட்) வரிகளை மூலப் பிரதியைப் பார்த்து ஒவ்வொரு ஃபைலிலும் திரும்பச் சேருங்கள். அதன் கீழே நீங்கள் மாற்றினீர்கள் என்பதையும் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். ‘எங்களைப் பற்றி’ திரையில் மூலப் படைப்பாளர் பெயர், ஜிபிஎல் 3 உரிமம், உத்தரவாதம் இல்லை என்ற அறிவிப்பு மூன்றும் வர வேண்டும். பிறகு கடைக்கு ஒரு பென்டிரைவில் உரிமத்தின் முழு வாசகத்தையும் சோர்ஸ் கோடையும் போட்டுக் கொடுத்து, பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: இணையத்தில் கிடக்கும் மூல ஜிப் ஃபைலையே கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் அதே பதிப்பின் கோடு, உங்கள் மாற்றங்களோடு, அதைத் தொகுத்து நிறுவத் தேவையான ஸ்கிரிப்டுகளோடு தர வேண்டும். கோடுக்குள் எழுதி வைத்திருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை முதலில் வெளியே எடுங்கள்.

சோர்ஸ் கோடை ஊருக்கெல்லாம் திறக்க வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் யார் கைக்குப் போனதோ அவர்களுக்குக் கோடு தருவதுதான் உங்கள் கடமை. பென்டிரைவ் வழியில் போனால், மெயில் அனுப்பியவருக்குக்கூடக் கோடு அனுப்பும் கட்டாயம் இல்லை. அனுப்பினால் விஷயம் சீக்கிரம் முடியும் என்பது என் அபிப்பிராயம். பார்கோடு லேபிள் அடிக்கத் தனி புரோகிராம் எழுதி, அது ஃபைல் மூலம் மட்டும் தகவல் வாங்குகிறது என்றால் அது உங்களுடையது. பில்லிங் புரோகிராமோடு இணைத்துப் பின்னியிருந்தால் அதுவும் ஜிபிஎல்தான்.

கடைக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘பிறருக்குக் கொடுக்கக் கூடாது, நகலெடுக்கக் கூடாது’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அப்படிக் கூடுதல் தடை விதிக்க ஜிபிஎல்லின் 10-வது பிரிவு விடாது. ‘வருட லைசென்ஸ் கட்டணம்’ என்று ரசீதில் எழுதுவது நம் ஊரில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று எழுதி, உண்மையாகவே சர்வீஸ் செய்து வாங்குங்கள். உங்கள் நிறுவனப் பெயரையும் லோகோவையும் மற்றவர்கள் பயன்படுத்தாமல் தடுக்க 7-வது பிரிவில் இடம் உண்டு.

மாணவர் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பணம் கொடுத்துவிட்டதாலேயே பார்சல் பகுதி உங்களுடையது ஆகிவிடாது. காப்புரிமைச் சட்டம், 1957-இன் 17(சி) பிரிவு, சம்பள வேலையாள் வேலையின் பகுதியாக எழுதியதைத்தான் முதலாளிக்குச் சேர்க்கிறது. துண்டு வேலையாக எழுதித் தந்தவரே உரிமையாளர். அவர் சம்மதமில்லாமல் அதை ஜிபிஎல்லில் வெளியிட உங்களுக்கு அதிகாரம் இல்லை. 19-வது பிரிவுப்படி எழுத்தில், அவர் கையெழுத்தோடு உரிமை மாற்றம் வாங்குங்கள். காலமும் எல்லையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றும் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும்.

போலீஸ் பற்றி. பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசக் காப்பிரைட் உடன்படிக்கையின் கீழ் வெளிநாட்டார் படைப்புக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு, பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தே மீறினால் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் நிட் புரோ வழக்கில் சொல்லிவிட்டது. 30 நாளுக்குள் சரிசெய்தவர்மேல் புகார் நிற்பது கடினம். மெயிலையே பார்க்காததுபோல இருந்தவருக்கு ‘தெரியாமல் செய்தேன்’ என்ற வாதம் எடுபடாது.

பதில் மெயில் நாலு வரி போதும்: மெயில் கிடைத்த தேதி, என்னென்ன சரிசெய்தீர்கள், எந்தத் தேதியில், உரிமம் திரும்பியதை உறுதிசெய்யுமாறு ஒரு வேண்டுகோள். நஷ்டஈடு தருகிறேன் என்று நீங்களாக எழுதாதீர்கள். பழைய கோடின் கமிட் வரலாற்றையோ (எப்போது எதை மாற்றினீர்கள் என்ற பதிவு) வாட்ஸ்அப் உரையாடல்களையோ அழிக்காதீர்கள், அழிப்பது மறைத்ததாகத்தான் படிக்கப்படும்.

உங்கள் சர்வரில் ஓட்டி, கடைக்காரர் பிரௌசரில் மட்டும் பார்க்கும்படி மாற்றினால் இனிமேல் சோர்ஸ் கடமை பெரும்பாலும் வராது. பிரௌசருக்கு இறங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் வரும். முன்பே கொடுத்த 14 பிரதிகளின் கடமை அப்படியே இருக்கும். உரிமக் கோப்பின் முதல் வரியில் ‘அஃபெரோ’ (Affero) என்ற சொல் இருந்தால் சர்வர் வழியும் உதவாது, சர்வர் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் சோர்ஸ் தரச் சொல்லும் ஜிபிஎல் வகை அது.

ரசீதில் தமிழ் வர எந்த எழுத்துருவைச் சேர்த்தீர்கள் என்றும் பாருங்கள். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் உள்ளது என்றால் சாஃப்ட்வேரோடு கொடுக்கலாம், அதன் உரிமக் கோப்பும் அதே பென்டிரைவில் போக வேண்டும்.