முதல் அரசும் முதல் கணக்கும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கும்போது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்துவிட்டது. இந்தியா என்ற நாடு உருவான ஆண்டு 1947 என்கிறார் ஒருவர், 1950 என்கிறார் இன்னொருவர். முதல் அரசு எது என்பதில் இன்னும் குழப்பம். 1946இன் இடைக்கால அரசுதான் என்றார் ஒரு மூத்த ஆசிரியர். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசுதான் முதல் அரசு என்று வாட்ஸப்பில் வந்ததை ஒருவர் எடுத்துக் காட்டினார். மக்கள் ஓட்டுப் போட்டு வந்ததுதான் அரசு, ஆகவே 1952 என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு தலைமையில் பதவியேற்ற 14 பேர் கொண்ட அமைச்சரவைதான் இந்தியாவின் முதல் அரசு என்பது என் முடிவு. உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓர் அரசை அரசு என்று ஒப்புக்கொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான். தன் மண்ணில் வரி வாங்கி, அந்தப் பணத்தை என்ன செய்யப்போகிறோம் என்று அந்த நாட்டின் சபையிலேயே எழுந்து நின்று கணக்குச் சொல்கிறதா? மேலே யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் சொல்கிறதா? கொடி, பிரகடனம், பதவிப் பிரமாணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆசாத் ஹிந்த் அரசு 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது. ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் அதை அங்கீகரித்தன. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் அதன் படையில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி அதில் அமைச்சராக இருந்தார். அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஆள்வதற்கு அதன் கையில் மண் இல்லை. அந்தமானை ஒப்படைத்துவிட்டோம் என்று அறிவித்த பிறகும் அங்கே அதிகாரம் ஜப்பானியக் கடற்படையிடமே இருந்தது. அறிவிப்பே போதும் என்றால் 1915இல் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அறிவித்த தற்காலிக அரசு அதற்கும் முந்தியது. நேதாஜியை மதிக்க அவரை முதல் பிரதமர் ஆக்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை.

1946 செப்டம்பர் 2 அன்று அமைந்த இடைக்கால அரசில் நேருவும் படேலும் ராஜாஜியும் இருந்தார்கள், பிறகு முஸ்லிம் லீக்கும் வந்து சேர்ந்தது. ஆனாலும் சட்டப்படி அது வைஸ்ராயின் நிர்வாக சபை. நேரு அதன் துணைத் தலைவர்தான். தலைமை வைஸ்ராயிடம், கடைசிச் சொல் லண்டனிடம்.

இனி 1947க்கு வருகிறேன். நவம்பர் 26 அன்று நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், அப்போது நாடாளுமன்றமாகவும் இயங்கிய அரசியல் நிர்ணய சபையில் எழுந்து சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். ஆகஸ்ட் 15 முதல் மறு வருடம் மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கான கணக்கு. எதிர்பார்க்கும் வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. துண்டு விழுந்தது 26 கோடிக்கு மேல். செலவில் 92.74 கோடி பாதுகாப்புக்கே போனது. எல்லைக்கு இருபுறமும் அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள், உணவு தானியத்தை வெளிநாட்டில் வாங்க வேண்டியிருந்தது, காஷ்மீரில் சண்டை தொடங்கியிருந்தது. ரிசர்வ் வங்கியைக்கூட இன்னும் பிரித்து முடிக்கவில்லை. 1948 நடுப்பகுதி வரை பாகிஸ்தானுக்கும் அதுதான் மத்திய வங்கி. இத்தனைக்கும் நடுவில் ஒரு கணக்கைத் தயார் செய்து சபை முன்னால் வைத்திருக்கிறார்கள். இந்த நாள் நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வாசித்தவர் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோயம்புத்தூர்க்காரர், நீதிக்கட்சி வழி வந்தவர், கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். 1932இல் ஒட்டாவா மாநாட்டில் பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை தரும் ஒப்பந்தத்தை ஆதரித்ததற்காகக் காங்கிரஸ்காரர்களின் கடுங்கோபத்துக்கு ஆளானவர். 1934 தேர்தலில் காங்கிரஸ் அவரைத் தோற்கடித்தது. அவரிடமே 13 வருடம் கழித்து நாட்டின் கஜானாவைக் கொடுத்தார்கள். அதே அமைச்சரவையில்தான் காங்கிரஸைக் காலமெல்லாம் எதிர்த்த அம்பேத்கர் சட்ட அமைச்சர், இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி தொழில் அமைச்சர். இது எளிதில் ஓடிய வண்டி இல்லை. 1950இல் முகர்ஜி விலகினார், 1951இல் அம்பேத்கர் விலகினார். சண்முகம் செட்டியார் அவர்களுக்கும் முன்னாலேயே, 1948 ஆகஸ்டில் வெளியேறினார். வரி ஏய்ப்பு விசாரணைக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைச் சபையில் கேட்டார்கள், பொறுப்பேற்றுக்கொண்டு பதவியை விட்டார். ஒரு நிதியமைச்சர், அதுவும் முதல் நிதியமைச்சர், பதவிக்கு வந்த ஒரு வருடத்தில் சபையின் கேள்விக்காக நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அரசை முதல் அரசு என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்வி. அந்தச் சபையை யார் தேர்ந்தெடுத்தார்கள்? மாகாண சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டமன்றங்களுக்கு 1946இல் ஓட்டுப் போட்டவர்கள் சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவர்கள். கூலிக்காரருக்கு ஓட்டு இல்லை. இந்தக் குறை உண்மையானது, மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதியதும் அதே சபைதான், எழுதியதை நடத்திக் காட்டியதும் அந்த அரசுதான். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை தேர்தல் நடந்தது. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். தன் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டுப் போடுகிறவருக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்பதில் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பிடிவாதமாக இருந்தார். 28 லட்சம் பேர் ஓட்டை இழந்தது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆகவே 1952 அரசை ‘மக்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த முதல் அரசு’ என்று முழுப் பெயரோடு சொல்லுங்கள். அந்தப் பெருமை வேறு எந்த ஆண்டுக்கும் இல்லை.

நாடு உருவான ஆண்டு? இதற்கு ஓர் ஆண்டைச் சொல்லவே முடியாது. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் பெயரால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அப்போது நாம் சுதந்திர நாடே இல்லை. 1947இல் பாகிஸ்தான்தான் புது உறுப்பினராகச் சேர்ந்தது, இந்தியா பழைய உறுப்பினராகவே தொடர்ந்தது. அரசியல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஆனால் குடியுரிமை பற்றிய பிரிவுகள் இரண்டு மாதம் முன்பே, 1949 நவம்பர் 26 அன்றே வந்துவிட்டன. புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3. உங்கள் ஊர்க் கதையை நான் சொல்லத் தேவையில்லை. கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டது 1954 அக்டோபர் 18, நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாத்தா 1947 ஆகஸ்ட் 15 அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்திருப்பார்.

அதனால் ‘உருவான ஆண்டு’ கேள்வியை எடுத்துவிடுங்கள். விடுதலை எப்போது, குடியரசு எப்போது என்று பிரித்துக் கேளுங்கள், இரண்டு ஆசிரியர்களும் சமாதானமாகிவிடுவார்கள். ஒரு கேள்வி குறைகிறதே என்றால், இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட சென்னைக்காரர் யார் என்று கேளுங்கள். விடை ஏ. ராமசாமி முதலியார்.

அன்புடன்.