சீட் காலி, வேலை யார் தலையில?

கேள்வி: சார், என் பொண்ணு அமெரிக்காவுல சான் டியாகோல இருக்கா. எங்க சிட்டியில பெரிய ஆபீசர் போஸ்ட்டையே தூக்கிட்டு மேயரே எல்லாத்தையும் பாத்துக்கறார்மான்னு போன்ல சொன்னா. அப்படிலாம் பண்ணலாமா? நம்ம ஊர்ல கமிஷனர் சீட் காலியா கெடந்தா மேயர் பாத்துக்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பொண்ணு சொன்னது சரிதாம்மா. 2025 ஜனவரில மேயர் டாட் குளோரியா சீஃப் ஆபரேட்டிங் ஆபீசர்ங்கற, மேயருக்குக் கீழ அன்னாட நிர்வாகத்தைப் பாக்கற போஸ்ட்டையே எடுத்துட்டு, நிர்வாகத்தை இனி நானே நேரா பாக்கறேன்னுட்டார். காரணம் காசுதான், பட்ஜெட்ல 25 கோடி டாலருக்கு மேல துண்டு, சேல்ஸ் டாக்ஸை ஒரு சென்ட் ஏத்திக்கலாமான்னு 2024 நவம்பர்ல ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டாங்க, அதுவும் மயிரிழையில தோத்துப்போச்சு.

ஆனா கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. அந்த ஊர்ல 1931லேர்ந்து சிட்டி மேனேஜர் முறை, அதாவது ஜெயிச்சு வந்த கவுன்சில் சேந்து ஒரு படிச்ச நிர்வாகியை வேலைக்கு வச்சுக்கும், ஊரை ஓட்டறது அவர், புடிக்கலைன்னா அனுப்பறது கவுன்சில். ஒஹையோவுல டேட்டன்னு ஒரு ஊர், 1913 வெள்ளத்துல நாசமாச்சு, அரசியல்வாதிங்கள நம்பினது போதும்னு இந்த முறைக்கு மாறினாங்க, அப்புறம்தான் இது நாடு முழுக்கப் பரவுச்சு. சான் டியாகோல பென்ஷன் ஃபண்ட்ல பெரிய ஓட்டை விழுந்து மானம் போனதும், 2004ல ஓட்டு போட்டு மேயர் கைக்கே அதிகாரத்தைக் குடுத்தாங்க. 2006 ஜனவரி 1லேர்ந்து மேனேஜர் சீட்டே கிடையாது. அஞ்சு வருஷ ட்ரையல்னு சொல்லி ஆரம்பிச்சது, 2010ல பெர்மனன்ட் ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த ஆபரேட்டிங் ஆபீசர். பழைய மேனேஜர் பாத்த அன்னாட நிர்வாகத்துல பாதிக்கு மேல இவர்தான் பாத்தார், ஆனா பாஸ் மாறிட்டாங்க, முன்ன மொத்த கவுன்சிலுக்கும் பதில் சொன்ன சீட் இப்ப மேயர் ஒருத்தருக்கு. இப்ப அந்த சீட்டும் போச்சு. எனக்கென்னவோ இதுல மிச்சமாகற சம்பளம் பெருசாத் தெரியல, பகல்ல ரிப்பன் வெட்டற மனுஷன் ராத்திரி சாக்கடை ஃபைலையும் பாக்கணும்ல?

நம்ம ஊர்ல அது நடக்காது. கமிஷனரைப் போடறது மாநில அரசு, மன்றம் இல்ல. சீட் காலின்னா வேற ஒரு ஆபீசருக்குக் கூடுதல் பொறுப்பு குடுப்பாங்க, மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், கையெழுத்து கமிஷனருது. இங்க நடந்தது தலைகீழ்! 2016 அக்டோபர்ல மன்றம் முடிஞ்சு தேர்தலே நடக்காம 2022 பிப்ரவரி வரைக்கும் இழுத்துச்சே, சென்னையில அத்தனை நாளும் தனி அலுவலர்ங்கற பேர்ல மன்றத்தோட வேலையையும் சேத்துப் பாத்தது கமிஷனர்தான். அங்க மேயர் நிர்வாகி சீட்ல, இங்க நிர்வாகி மேயர் சீட்ல.

கேள்வி: எங்க நகராட்சியில மேலாளர் சீட் ரொம்ப நாளா காலி. அதை ரத்து பண்ணிட்டு வேற பதவியா மாத்தப் போறாங்களாம், அடுத்து பிரமோஷன் எனக்குத்தான். உண்மையா சார்?
– பேர் வேண்டாம்னு எழுதின வாசகர்

பதில்: அரசாணை வந்துச்சா? வரலைன்னா டீக்கடைப் பேச்சுதான் தம்பி. மன்றம் தீர்மானம் வேணா போடலாம், கருத்துரு நகராட்சி நிர்வாக இயக்குநர் ஆபீசுக்குப் போகணும், அங்கேர்ந்து கோட்டைக்கு, அப்புறம் நிதித்துறை ஓகே சொல்லணும். அதுவரைக்கும் அந்த நாற்காலியில யாராவது இன்சார்ஜ் உக்காந்திருப்பார், அவருக்கு அவசரம் ஒண்ணும் இருக்காது. நீங்க பிரமோஷன் லிஸ்ட்ல, அதான் பேனல்ல, உங்க பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்து வைங்க.