வட்ட வேவ்கைடுக்குள் துளையிட்ட மெல்லிய தகடு என்ன செய்யும்?

வேவ்கைடு என்பது மைக்ரோவேவ் அலைகளைக் கடத்தும் உள்ளீடற்ற உலோகக் குழாய். அந்தக் குழாயின் குறுக்கே, நடுவில் வட்டத் துளை போட்ட மெல்லிய உலோகத் தகட்டை வைத்தால் அலை அப்படியே நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. பெரும்பகுதி திரும்பும், கொஞ்சம் கசியும்.

2 செ.மீ. விட்டமுள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். அதில் டிஇ11 வடிவ அலை (வட்டக் குழாயில் மிகக் குறைந்த அதிர்வெண்ணிலேயே ஓடக்கூடிய புல அமைப்பு) சுமார் 8.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஓடும். 10 கிகாஹெர்ட்ஸில் அனுப்பினால், தகட்டின் விளிம்பில் மின்காந்தப் புலம் நெளிந்து டிஎம்11 போன்ற உயர்வடிவங்கள் (இன்னும் சிக்கலான புல அமைப்புகள்) பிறக்கும். டிஎம்11 ஓட ஏறத்தாழ 18.3 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் அவை தகட்டருகிலேயே ஒடுங்கி, ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். சிறு துளையில் காந்த ஆற்றலே மிகும். ஆகவே தகடு, குழாய்க்கு இணையாகக் கட்டிய மின்தூண்டி (காந்தப் புலத்தில் ஆற்றலைச் சேமிக்கும் சுருள்) மாதிரி நடந்துகொள்ளும்.

எனக்கு வியப்பளிப்பது துளையின் அளவுதான். 1944-இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே காட்டியபடி, அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளையில் கசியும் திறன் ஆரத்தின் ஆறாம் அடுக்கில் மாறும். ஆரத்தைப் பாதியாக்கினால் திறன் 64-இல் ஒரு பங்கு! தகடு தடித்தால் இன்னும் குறையும், துளையே அலை ஓடமுடியாத குட்டிக் குழாயாகிவிடுவதால்.

இப்படி இரண்டு தகடுகளை, குழாய்க்குள் உள்ள அலைநீளத்தின் பாதிக்குச் சற்றே குறைவான இடைவெளியில் வையுங்கள். தனித்தனியே அலையைத் திருப்பியவை, சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும். மைக்ரோவேவ் வடிகட்டிகள் இப்படித்தான் பிறக்கின்றன.