ஜெர்மனியில் போஸ்ட்டாக் இடம் தேடுவது எப்படி?

பிஎச்.டி. முடியப்போகிறது, ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளம்பரங்களுக்கு, ஐரோப்பிய ஆய்வாளர் வேலைகளுக்கான யூராக்ஸஸ் (EURAXESS) தளத்தையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் பாருங்கள். 'டிவி-எல் ஈ13' (TV-L E13) என்று போட்டிருந்தால், அது ஜெர்மன் மாநில அரசுப் பணிகளுக்கான ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு சம்பள நிலை. வரி, காப்பீடு எல்லாம் பிடித்த பிறகுதான் கைக்கு வரும்.

ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதியும் இடம் பிடிக்கலாம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு நாலு வரி எழுதுங்கள். "உங்கள் 3-வது படத்தில் உள்ள அளவீட்டை நான் வேறு முறையில் செய்திருக்கிறேன்" என்ற ஒரு வரி, பத்துப் பக்க பயோடேட்டாவைவிடப் பேசும். பதில் வராவிட்டால் நினைவூட்டல் ஒன்று போதும், அதற்கு மேல் தொந்தரவு.

அப்புறம், ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கிச் சொந்த நிதியோடு வருகிறவரை யாரும் லேசில் மறுப்பதில்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் ஃபெலோஷிப்பின் போஸ்ட்டாக் பிரிவுக்குப் பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே உங்களை ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதலும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப் என்றால், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஜெர்மனியில் இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே அங்கே படிக்கிறவர்கள் பலர் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்வார்கள்.