சுருங்கிப்போன ஆந்தைப் பூசணி

குடும்ப விழாவுக்கு மூணு நாள் முன்னாடியே பூசணியில செதுக்கின ஆந்தை முகம் சுருங்கி, கண் ஓரம் உள்ளே மடங்கிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. பூஞ்சை பிடிக்கலைன்னா காப்பாத்தலாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீர்ல முக்கி வைங்க. சதை நீரை இழுத்துத் திரும்ப விறைச்சுக்கும். அப்புறம் கவிழ்த்து வடியவிட்டு, ஈரம் துடைச்சு, வெட்டின ஓரத்துல வாசலைன் தடவுங்க. உள்ளே வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி வேண்டாம், அந்தச் சூட்டுல சதை வெந்துடும். எல்இடி விளக்கு போதும்.

அடுத்த முறை இறகுகளுக்கு ஓட்டையே போடாதீங்க. தோலை மட்டும் சீவிட்டு, உள்சுவரை ரெண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டினா, வெளிச்சம் சதை வழியாவே ஆரஞ்சா கசியும். மெலிசான இடம் பளிச்சுனு தெரியும், தடிச்ச இடம் மங்கும், நிழல் தானா விழும். குழந்தைங்க கையில கத்திக்குப் பதிலா விதை வழிக்கக் கரண்டி கொடுங்க. எங்க வீட்டுல அதுக்குத்தான் சண்டையே!