எரின் பிலிப்ஸ் ஒரு விதிவிலக்குதானே, என் மகளுக்கு ஃபுட்டியில் எதிர்காலம் இருக்கிறதா?

மகளுக்கு 12 வயது, ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்கள் போல, இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எரின், ஃபுட்டியிலும் கூடைப்பந்திலும் சாதித்த ஆஸ்திரேலிய வீராங்கனை. அவருடைய அப்பா கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்டு ஃபுட்டி கிளப்பின் பெரிய ஆட்டக்காரர். எரின் 13 வயது வரை பையன்களோடு ஆடினார், அதற்குமேல் பெண் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் கூடைப்பந்து. அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில் 2012லும் 2014லும் கோப்பை, 2016ல் ரியோ ஒலிம்பிக். பெண்களுக்கான ஏஎஃப்எல் (ஃபுட்டியின் தேசிய லீக்) 2017ல் தொடங்கியபோது அவருக்கு வயது 31. முதல் வருடமே அவர் ஆடிய அடிலெய்டு குரோஸ் அணிக்குக் கோப்பை, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். இதைக் காட்டி "திறமை இருந்தா வழி தானா வரும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் போன வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அந்தப் பெண்கள் லீக்கின் 2019 இறுதிப் போட்டிக்கு அடிலெய்டு ஓவலுக்குப் போயிருந்தேன், 53,034 பேர் கூட்டம். மூன்றாவது குவார்ட்டரில் எரின் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது, என் பக்கத்து சீட் பெரியவர் குரோஸ் மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அதோடு முடியவில்லை, திரும்பி வந்து 2022ல் குரோஸோடு மூன்றாவது கோப்பை, பிறகு அப்பா ஆடிய போர்ட் அடிலெய்டின் பெண்கள் அணிக்கு முதல் கேப்டன்.

காசுக் கணக்குப் பார்க்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2017ல் பெரும்பாலானவர்களுக்கு சீசனுக்கு 8,500 ஆஸ்திரேலிய டாலர்தான், வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் பயிற்சிக்கு வந்தார்கள். இப்போது சம்பளம் நன்றாக ஏறியிருக்கிறது, ஆனாலும் ஆண்கள் வாங்குவதோடு ஒப்பிடவே முடியாது. அதனால் படிப்பு பக்கத்திலேயே இருக்கட்டும், ஆனால் 13 வயதில் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஏரியா கிளப்பில் பெண் பிள்ளைகள் அணி இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து விளையாட்டு விழாவில் ஆண்களுக்குக் கிரிக்கெட், வாலிபால். பெண்களுக்கு வருடா வருடம் மியூசிக்கல் சேரும் கோலப் போட்டியும் மட்டும்தான். எங்களுக்கும் ஒரு வாலிபால் ஆட்டம் வையுங்கள் என்று கேட்டால் "மதியச் சாப்பாட்டை யார் பார்த்துக்கிறது" என்று கேட்கிறார்கள்.